ப்ரைடு, ட்ரீம், ரைஜின்: எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

2003 டிசம்பர் 31 இரவு ஜப்பானில் டிவி ரிமோட் யார் கையில் இருந்ததோ அவர் பாடு திண்டாட்டம்தான். ஃபுஜி டிவியில் சைதாமா சூப்பர் அரீனாவிலிருந்து ப்ரைடு என்ற எம்எம்ஏ நிகழ்ச்சி, அதாவது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை. டிபிஎஸ்ஸில் நகோயா டோமிலிருந்து கிக்பாக்ஸிங்குக்குப் பேர்போன கே-1. நிப்பான் டிவியில் கோபேயிலிருந்து பழைய மல்யுத்த நட்சத்திரம் அந்தோனியோ இனோக்கியின் நிகழ்ச்சி. ஒரே இரவில் மூன்று சேனல், மூன்று அடிதடி. இது போக, வீட்டுப் பெரியவர்கள் வருஷா வருஷம் விடாமல் பார்க்கும் என்எச்கேயின் கோஹாகு பாட்டுப் போட்டி வேறு.

ஜெயித்தது கே-1. சுமோவில் யோகோசுனா என்ற உச்சப் பட்டம் வாங்கிய முதல் வெளிநாட்டவரான அகெபோனோ, கே-1 வீரர் பாப் சாப் என்பவரிடம் முதல் ரவுண்டிலேயே குப்புற விழுந்தார். அந்தச் சில நிமிடங்களுக்கு கோஹாகுவையே பார்வையாளர் எண்ணிக்கையில் முந்திவிட்டது அந்தச் சண்டை. ப்ரைடின் நிலைமைதான் வேடிக்கை. அதே வருஷம் மார்ச்சில் அங்கே ஹெவிவெயிட் பெல்ட் வாங்கிய ரஷ்யர் ஃபெடோர், அன்றைக்கு கோபேயில் இனோக்கியின் ரிங்கில் யூஜி நகாதாவை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தார். சொந்த சாம்பியனே எதிராளி சேனலில்!

ஜப்பானிய எம்எம்ஏவின் பழைய நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு இரவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே யார் யாரோடு மோதினார்கள் என்பதைவிட, எந்தச் சேனல் காசு கொடுத்தது என்பதுதான் பல விஷயங்களைத் தீர்மானித்தது. ஷூட்டோ, பான்கிரேஸ் என்ற நிறுவனங்கள் இரண்டும் ப்ரைடுக்கு முந்தியவை, அவற்றின் கதை தனி. பெரிய அரங்கம், பெரிய டிவி என்று பார்த்தால் மூன்று நிறுவனங்கள்தான்: 1997 முதல் 2007 வரை ப்ரைடு, 2008 முதல் 2012 வரை ட்ரீம், 2015 முதல் இன்று வரை ரைஜின். ட்ரீமோடு ஒரே மாதத்தில் பிறந்த செங்கோக்கு என்ற இன்னொரு நிறுவனம் 2010 கடைசியில் ஓய்ந்துவிட்டது, அதை ட்ரீமின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் விதிகள். அமெரிக்க எம்எம்ஏ நிறுவனமான யூஎஃப்சியின் சண்டைகளை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு ப்ரைடு கொஞ்சம் பயமாகவே இருக்கும். முதல் ரவுண்டு 10 நிமிடம், அடுத்த இரண்டும் 5 நிமிடம். கீழே கிடப்பவன் தலையில் எட்டி உதைக்கலாம், மிதிக்கலாம், முட்டியால் இடிக்கலாம். ஆனால் முழங்கையால் தலையில் அடிக்கக் கூடாது. சும்மா கட்டிப்பிடித்து நேரம் கடத்தினால் நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவார், சம்பளத்தில் 10 சதவீதம் போச்சு. கூண்டு கிடையாது, கயிறு கட்டிய ரிங். புரள்கிற இரண்டு பேரும் கயிற்றுக்கு வெளியே சரிந்தால், நடுவர் ‘அசையாதே’ என்று கத்தி, இருவரையும் பிடித்த பிடி விடாமல் அப்படியே நடுவுக்கு இழுத்துவந்து மறுபடி விடுவார். முதல்முறை பார்க்கும்போது சிரிப்பு வரும். இழுத்து வந்ததில் பிடி சற்றே தளர்ந்துவிட்டதோ என்ற சந்தேகமும் வரும்.

ட்ரீம் 10, 5 என்று இரண்டு ரவுண்டுகளோடு தொடங்கியது. 2009 அக்டோபரில் ஒசாகாவில் வெள்ளைக் கூண்டு வைத்துப் பார்த்தது, பிறகு 2011-இல் ஐந்து நிமிடம் மூன்று ரவுண்டு என்று மாறியது. ரைஜின் மறுபடியும் ரிங், மறுபடியும் உதை.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். ப்ரைடை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துக்காட்டுவது கதைதான். 1997 அக்டோபர் 11, டோக்கியோ டோம்: ஜப்பானின் பெரிய மல்யுத்த நட்சத்திரம் நொபுஹிகோ தகாதா, பிரேசிலின் ரிக்ஸன் கிரேஸியிடம் கைப்பூட்டில் மாட்டித் தோற்கிறார். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தேதி, அதே டோம், அதே கைப்பூட்டு. ஊரே தலைகுனிந்த நேரத்தில் தகாதாவின் சிஷ்யன் கஸுஷி சகுராபா வருகிறார்.

2000 மே 1, தோற்றவர் வெளியேறும் கிராண்ட் பிரீ போட்டியின் கடைசிச் சுற்று. எதிரே ரிக்ஸனின் தம்பி ராய்ஸ் கிரேஸி. கிரேஸி தரப்பு கேட்ட விதிகள்: ரவுண்டு 15 நிமிடம், எத்தனை ரவுண்டு என்ற கணக்கே கிடையாது, நடுவர் நிறுத்தக் கூடாது, தீர்ப்பு சொல்ல ஜட்ஜுகளும் வேண்டாம். சகுராபா ஒப்புக்கொண்டார். ஒரே மாதிரி முகமூடி போட்ட மூன்று பேராக அரங்குக்குள் வந்தார்கள், இதில் எவன் சகுராபா என்று கூட்டம் தேடட்டும் என்று. சண்டை நடுவே ராய்ஸின் உடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பேன்ட் கழன்றுவிடும் போல. அது வெறும் கேலி இல்லை. அந்த உடையால் எதிராளியைக் கட்டிப்போட்டே பழகியவர் ராய்ஸ், அதே உடை இப்போது அவருக்கே கயிறாகிவிட்டது. ரவுண்டு ரவுண்டாகக் காலில் உதை. ஆறு ரவுண்டு, 90 நிமிடம் ஆனபோது ராய்ஸின் மூலையிலிருந்து டவல் வந்து விழுந்தது, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டார்கள்.

அதோடு முடியவில்லை. அதே இரவில் சகுராபா தன்னைவிட மிகவும் கனத்த உக்ரைன்காரர் இகோர் வோவ்சான்சினோடு அரையிறுதிக்கு வந்து நின்றார். 15 நிமிடம் தாக்குப்பிடித்தார், பிறகு அவருடைய மூலையே டவலை எறிந்தது. வோவ்சான்சினை இறுதியில் வென்ற மார்க் கோல்மன் சந்தோஷத்தில் கயிற்றின் மேல் தாவப்போய்க் கீழே விழுந்ததும் அன்றைக்குத்தான்.

இப்படி ஒரு நிகழ்ச்சி அடுத்ததைப் பெற்றுப்போட்டது. சகுராபாவை 2001-இல் வீழ்த்தி வாண்டர்லே சில்வா எழுந்தார். 2003-இல் நொகெய்ராவை வென்று ஃபெடோர். 2005 ஆகஸ்டில் ஃபெடோரிடம் புள்ளியில் தோற்ற குரோஷிய வீரர் குரோ காப், 2006 செப்டம்பர் 10-இல், தன் 32-ஆவது பிறந்தநாளில், அதே சில்வாவைத் தலையில் ஓர் உதையால் சாய்த்து, பார்னெட்டையும் வென்று, எடை வரம்பில்லாத கிராண்ட் பிரீயை எடுத்தார். வரிசையாகப் பார்த்தால் ஒரு தொடர்கதை மாதிரியே போகும்.

குறை இல்லையா என்றால் நிறையவே உண்டு. பொருந்தாத ஜோடிகள் ஏராளம். லாஸ் வேகஸில் நடத்திய இரண்டு நிகழ்ச்சிகளிலும் போதை, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியவர்கள் இருந்தார்கள் என்றால், ஜப்பானில் நடந்தவற்றைப் பற்றி நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அப்புறம் யாகூசா எனும் ஜப்பானிய மாஃபியாவோடு இருந்த தொடர்பு பற்றி ஒரு வாரப் பத்திரிகை தொடர்ந்து எழுத, 2006 ஜூனில் ஃபுஜி டிவி ஒப்பந்தத்தை முறித்தது. டிவி காசு நின்றதும் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2007 மார்ச்சில் யூஎஃப்சி முதலாளிகளிடம் விற்பனை, ஏப்ரல் 8-இல் கடைசி நிகழ்ச்சி.

ட்ரீமை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முழுசாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லவும் மாட்டேன். கே-1 நடத்திய நிறுவனமும் பழைய ப்ரைடு ஆட்களும் சேர்ந்து செய்தது. லைட்வெயிட்டில் அன்றைக்கு உலகத் தரமான ஆட்கள்: அயோகி, அல்வாரெஸ், ஹான்சன், கவாஜிரி. 2008 ஜூலையில் ஒசாகாவில் மாற்று ஆளாக உள்ளே வந்த ஹான்சன், இறுதியில் அயோகியை முதல் ரவுண்டிலேயே அடித்துக் கோப்பையைத் தூக்கியது அருமையான கதை. அதே நிறுவனம் மறு வருஷமே முன்னாள் பேஸ்பால் வீரர் கன்செகோவை ராட்சசன் சோய் ஹாங்-மானோடு மோதவிட்டது. விளையாட்டா வேடிக்கையா என்று கடைசிவரை அவர்களால் முடிவெடுக்க முடியவில்லை.

மறக்க முடியாத இரவு 2009 டிசம்பர் 31. ட்ரீம் சாம்பியன் அயோகி, செங்கோக்கு சாம்பியன் ஹிரோதா. அயோகி அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி ஒடித்தார், ஒடித்துவிட்டுக் கீழே கிடந்தவரைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அதைப் பார்க்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. பிறகு காசு வறண்டது, சம்பளப் பாக்கிப் புகார்கள் வந்தன, 2012 டிசம்பர் 31-இல் கடைசி நிகழ்ச்சி.

ப்ரைடின் கடைசித் தலைவரான நொபுயுகி சகாகிபாரா 2015 டிசம்பரில் அதே சைதாமாவில் ரைஜினைத் தொடங்கினார். முதல் வருஷக் கடைசி இரவில் ஃபெடோரின் எதிராளி யார் தெரியுமா? இந்தியரான கிக்பாக்ஸர் ஜெய்தீப் சிங். பாவம், முதல் ரவுண்டிலேயே முடிந்தது. ஆரம்பத்தில் ரைஜின் பழைய பெருமையைச் சூடுபண்ணிப் பரிமாறுவது போலத்தான் இருந்தது. 2016-இலும் குரோ காப்தான் கோப்பை வாங்கினார் என்றால் பாருங்கள். 2018 கடைசி இரவில் 41 வயது முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன் மேவெதர் 20 வயது கிக்பாக்ஸர் டென்ஷினை முதல் ரவுண்டில் மூன்று முறை கீழே தள்ளி அழவிட்டது சுத்தமான காட்சி வியாபாரம்.

சொந்தக் கதை கிடைத்தது அதன் பிறகுதான். 2019 ஆகஸ்டில் நகோயாவில் காய் அசாகுரா, யாராலும் தொட முடியாது என்றிருந்த ரைஜின் சாம்பியன் ஹொரிகுச்சியை ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் வீழ்த்தினார். ஹொரிகுச்சிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, கையில் இருந்த பெல்ட்டுகள் போயின. 2020 டிசம்பர் 31-இல் திரும்பி வந்தவர் அசாகுராவின் கெண்டைக்காலை உதைத்தே நிலைகுலைய வைத்து, முதல் ரவுண்டிலேயே பெல்ட்டை மீட்டார். ப்ரைடு பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய சுவை திரும்பி வந்த இடம் இது.

ஃபுஜி டிவி சகாகிபாராவை இரண்டாவது முறையும் கைவிட்டது. 2022 ஜூன் 19, டோக்கியோ டோம்: அவர் முன்னின்று நடத்திய டென்ஷின்–தகேரு கிக்பாக்ஸிங் போட்டி. நாள் நெருங்கிய நேரத்தில் சேனல் விலகியது. 2006-ஆக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த முறை காசு கட்டி இணையத்தில் பார்த்தவர்கள் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல். மூன்றில் ரைஜின் ஒன்றுதான் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

என் வரிசை இது: முதலில் ப்ரைடு, அதுவும் 2000 கிராண்ட் பிரீயிலிருந்து. ஆரம்ப நிகழ்ச்சிகளில் தகாதாவின் இரண்டு தோல்விகள் மட்டும் போதும். அடுத்து ரைஜின், 2019-லிருந்து. ட்ரீமில் பொறுக்கி எடுத்த லைட்வெயிட் சண்டைகள் மட்டும். 2000 மே 1-ஐ ஆரம்பிக்கும்போது கையில் ஒரு முழு மாலை இருக்கட்டும், சகுராபா–ராய்ஸ் மட்டுமே ஒரு சினிமா நீளம். நடுவில் மந்தமான பகுதி வரும், ஓட்டிவிடாதீர்கள். ராய்ஸின் கால் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க மறுப்பது அங்கேதான் தெரியும்.