உப்புக்காற்றில் ஸ்டிக்கா, ஜைரோவா: கையடக்க வீடியோ கேம் கருவிகள் குறித்து ஓர் ஒப்பீடு

சென்ற கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் பருவத்தில், ஒரு மாலை, அக்கா மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் நின்ற ஆள் மெல்ல இடப்பக்கம் நகர்ந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். “மாமா, நான் தொடவே இல்ல, அது தானா போகுது” என்று இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினான். வாங்கிப் பதினான்கு மாதங்களே ஆன கருவி அது. அசைவை உணரும் வசதி எதுவும் இல்லாமல், கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குமிழான ஸ்டிக்கை மட்டுமே நம்பியிருந்த கருவி என்பதைத் தவிர அதைப் பற்றி வேறெதுவும் இங்கே சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கருவியை வாங்குவதற்காக நான் அலசிப் பார்த்தவற்றை, தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இன்று நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அசைவு உணரியே இல்லாமல் ஸ்டிக், பட்டன் ஆகியவற்றோடு நிற்கும் கருவிகள் முதல் வகை. 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சைப் போல, இருபுறக் கைப்பிடிகளும் தனியே கழன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் திரும்புவதை உணரும் ஜைரோவும், சாய்வையும் வேக மாற்றத்தையும் உணரும் முடுக்கமானியும் இருப்பவை இரண்டாம் வகை. கைப்பிடி கழலாமல், கருவியின் உடலுக்குள்ளேயே உணரி இருப்பவை மூன்றாம் வகை. 2011இல் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் வீட்டா, 2019இன் ஸ்விட்ச் லைட், 2022இன் ஸ்டீம் டெக் எல்லாம் இதில் அடங்கும். நான் வாங்கியது மூன்றாம் வகை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் கையில் சொல்லிவிட்டு வரவழைத்த ஸ்டீம் டெக்.

திரை, பேட்டரி, விளையாட்டுகளின் விலை ஆகியவற்றை எங்கும் படித்துக்கொள்ளலாம். நம் கரையில் இருப்பவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: வாங்கும் பொருள் உப்புக்காற்றைத் தாங்குமா? 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. நாம் கையில் பிடிக்கும் கருவிக்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது.

பழைய கருவியை ராமநாதபுரத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் கொடுத்துப் பிரித்தபோது, கடைக்காரத் தம்பி பூதக்கண்ணாடியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஸ்டிக்கின் அடியில் அரைவட்டமாகக் கருப்புக் கார்பன் தடம் ஒன்று. அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று. அந்த நாக்கு தடத்தில் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டுதான் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கருவி அறிகிறது. தடம் ஓரிடத்தில் தேய்ந்து கரித்தூள் உதிர்ந்திருந்தது. உலோக நாக்கின் ஓரத்தில், பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் படியுமே, அதே பச்சைக் களிம்பு. ஸ்டிக் சுழல்வதற்காகச் சுற்றிலும் விடப்பட்டிருக்கும் இடைவெளி வழியாகவே ஈரமும் பொடிமணலும் உள்ளே போகின்றன. கருவியின் அமைப்பில் போய் ‘டெட் ஜோன்’ அளவை, அதாவது ஸ்டிக் எவ்வளவு சாயும் வரை கருவி பொருட்படுத்தாது என்ற அளவை, கூட்டினால் கொஞ்ச நாள் சமாளிக்கலாம். ஆனால் கூட்டக் கூட்ட, விரலின் சிறிய அசைவுகளைக் கருவி கண்டுகொள்ளாமல் போய்விடும்.

ஜைரோ இதற்கு நேர்மாறானது. அது சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஓர் எடை. இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். கருவி திரும்பும்போது அந்த அதிர்வு, சுழலும் பொருளில் நகர்பவற்றைப் பக்கவாட்டில் தள்ளும் கோரியாலிஸ் விசையால் விலகுகிறது. விலகலை அளந்து, விநாடிக்கு எத்தனை பாகை திரும்பினோம் என்று சொல்லிவிடுகிறது. இவ்வளவும் காற்றுப் புகாதபடி மூடி முத்திரையிட்ட சில்லுக்குள் நடக்கிறது. விரல் பட்டு உரசும் பாகம் எதுவும் அதில் இல்லை. மணல் நுழைய வழியும் இல்லை. சில்லைப் பலகையோடு இணைக்கும் ஈயப்பற்று உப்பில் அரிக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆபத்து கருவியில் உள்ள எல்லாச் சில்லுகளுக்கும் பொது.

ஜைரோவிலும் ஒரு நழுவல் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அசையாமல் வைத்திருக்கும்போதும் அது மிகச் சிறிய ஒரு சுழற்சியைக் காட்டும். வெப்பம் மாறினால் அந்தப் பிழையும் மாறும். மேல்கீழ்ச் சாய்விலும் பக்கச் சாய்விலும் வரும் பிழையை, புவியீர்ப்பின் திசையை அறியும் முடுக்கமானி திருத்திவிடும். இடவலத் திருப்பத்தைத் திருத்த அதனால் முடியாது. அதற்கு உதவக்கூடிய மின்னணுத் திசைகாட்டியும் வீட்டாவில் இருந்தது. இருந்தாலும் இரண்டு நழுவலுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஜைரோவின் பிழை, கருவியைச் சமமான மேசையில் சில விநாடி வைத்து அளவு திருத்தினால் போய்விடுகிறது. தேய்ந்த கார்பன் தடம் எந்தத் திருத்தத்தாலும் திரும்பி வளராது. என் கருத்தில் இந்த ஒரு காரணமே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது.

விளையாடும்போது ஜைரோ ஸ்டிக்கின் வேலையில் பாதியை எடுத்துக்கொள்வதையும் பயன்படுத்திய பிறகே உணர்ந்தேன். ஸ்டீம் டெக்கின் ஸ்டிக் நுனி விரல் தொடுவதை அறியும். கட்டைவிரல் அதன்மேல் பட்டிருக்கும்போது மட்டும் ஜைரோ இயங்குமாறு அமைத்துக்கொள்ளலாம். பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், குறிவைக்கும் கடைசி நூலிழைக்கு மணிக்கட்டு என்று வேலை பிரிந்துவிடுகிறது. தூண்டில் போடுபவர் கயிற்றை விரலிடுக்கில் வைத்து மீனின் கடியை உணர்வதைப் போன்ற நுட்பம் அதில் இருக்கிறது. முதல் நான்கு நாட்கள் எனக்குக் குறி எங்கெங்கோ போனது. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஜைரோ இல்லாமல் விளையாடவே மனம் வரவில்லை.

கழற்றும் வகையைக் குறை சொல்ல என்னிடம் அனுபவம் போதாது. நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு மாலைகள் விளையாடியதோடு சரி. கையை வீசி ஆடும் விளையாட்டுகளுக்கு அதுவே சிறந்தது, ஏனென்றால் திரை நின்ற இடத்தில் நிற்க, கை மட்டும் அசைகிறது. உடலுக்குள் உணரி இருக்கும் கருவியைப் பெரிதாகச் சாய்த்தால் திரையும் கூடவே சாய்ந்துவிடும். கடற்கரை வெயிலில் அப்படிச் சாய்க்கும்போது ஆட்டத்துக்குப் பதில் வானம்தான் கண்ணாடியில் தெரிகிறது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இன் கைப்பிடிகள் காந்தத்தால் ஒட்டுவதோடு, அவற்றை மேசைமேல் வைத்து மவுஸாக நகர்த்தவும் முடிகிறது. நல்ல யோசனைதான். ஆனால் கைப்பிடியும் உடலும் சந்திக்கும் மின்தொடர்பு முனைகள் கழற்றும்போதெல்லாம் காற்றுக்குத் திறக்கின்றன என்ற எண்ணமே என்னைத் தயங்க வைத்தது.

பயணத்தில் நிலைமை மாறுகிறது. ராமேஸ்வரம் பேருந்து 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் நேராகப் போகும் வரை குறி நிலையாக நிற்கும். இறங்கி வளைவில் திரும்பியதும் குறியும் கூடவே திரும்பிவிடும். ஜைரோவுக்கு நாம் திரும்பினோமா, பேருந்து திரும்பியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பாக் விரிகுடாப் பக்கம் நங்கூரமிட்ட நாட்டுப்படகில் அரைமணி நேரம் முயன்றபோதும் படகின் ஆட்டத்துக்கேற்ப குறி ஏறி இறங்கியது. ஒரே ஒரு முறை செய்த சோதனை அது. தெற்கே மன்னார் வளைகுடாவில் கச்சான் அலையில் இதைவிட மோசமாக இருக்கும் என்பது என் ஊகம். இத்தகைய இடங்களில் ஜைரோவை நிறுத்திவிட்டு ஸ்டிக்குக்குத் திரும்புவதே வழி.

எடையும் ஒரு குறைதான். ஸ்விட்ச் லைட் 275 கிராம். 2022இன் ஸ்டீம் டெக் 669 கிராம். அரைக்கிலோவுக்கு மேல் உள்ள பொருளை மணிக்கட்டால் நுணுக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் கை வலிக்கிறது. சிறுவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நான் முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொள்கிறேன்.

இனி வரும் கருவிகளில் நான் எதிர்பார்ப்பது இரண்டு. முதலாவது, ஜைரோவோடு சேர்த்து, உரசல் இல்லாமல் காந்தப்புலத்தால் சாய்வை அளக்கும் ஹால் வகை ஸ்டிக்கும் வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1998இல் வந்த செகா ட்ரீம்காஸ்டின் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே இருந்தது. இரண்டாவது, உணரி இருந்தும் விளையாட்டுகள் அதைப் பயன்படுத்தாத நிலை மாற வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஜைரோ இல்லாததால், எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து உருவாகும் பல விளையாட்டுகள் அதைக் கருத்தில் கொள்வதே இல்லை. ஸ்டீம் டெக்கில் ஜைரோவின் அசைவை மவுஸின் அசைவாக மாற்றித் தரும் வசதி இருப்பதால் எனக்கு ஓரளவு தப்பித்தது; அமைப்பைத் தேடித் தேடிச் சரிசெய்யும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

ஸ்டீம் டெக்கின் ஸ்டிக் ஒரு தனித் தொகுதி என்பதும், ஈயப்பற்று வைக்காமல் திருகாணிகளைக் கழற்றியே மாற்றலாம் என்பதும் வாங்கும்போது எனக்குத் தைரியம் தந்தன. இதுவரை மாற்ற வேண்டி வரவில்லை. பதினொரு மாதம்தான் ஆகிறது. விளையாடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுகிறேன். பொட்டலங்களை மாதம் ஒருமுறை வெயிலில் காய வைப்பது அக்கா மகனின் வேலை.