உதைத்தது கியர், குறை கேபிளில்: ஆலிசன் எம்டி643 உடன் நீண்ட கால அனுபவம்

அமெரிக்காவில் பள்ளிகள் ஓட்டி முடித்து ஏலத்தில் விடும் மஞ்சள் பேருந்தை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. 1990களின் நடுவில் வந்த வண்டி. கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு டீசல் எஞ்சின். ஆலிசன் எம்டி643 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பல வருடங்களாக ஓட்டுகிறோம். கியர் உதைக்கிறது என்றதும் பெட்டியையே இறக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எம்டி643 நான்கு கியர் பெட்டி. மேல் கியரில் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் ‘லாக்அப்’ வசதி உண்டு. அது பூட்டும்போது எஞ்சின் சுற்று இறங்குவதால், புதிதாக ஓட்டுகிறவர்கள் ஐந்தாவது கியர் விழுந்ததாக நினைப்பார்கள். அதே காலத்துப் பள்ளிப் பேருந்துகளில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் ஆலிசனின் இன்னொரு பெட்டியான ஏடி545 இல் லாக்அப் கிடையாது, அதனால் மலை ஏறினால் ஆயில் சீக்கிரம் சூடாகும். வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, தேடி அலைந்தாவது எம்டி643 வாங்குங்கள்.

இதில் கம்ப்யூட்டர் கிடையாது. எப்போது கியர் மாற்றுவது என்பதை இரண்டு ஆயில் அழுத்தங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று கவர்னரிலிருந்து வருகிறது, அது வண்டியின் வேகத்தைச் சொல்லும். இன்னொன்று மாடுலேட்டரிலிருந்து வருகிறது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதைச் சொல்லும். டீசல் வண்டியில் எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஓடும் ஒரு கேபிள்தான் மாடுலேட்டரை இழுக்கிறது. கியர் எப்போது மாற வேண்டும் என்பதோடு, பெட்டிக்குள் அந்தந்தக் கியரைப் பிடிக்கும் கிளட்ச் மெதுவாக இறுகுவதா, பட்டென்று இறுகுவதா என்பதும் இந்தத் தகவலைப் பொறுத்தது. ஓட்டுநர் முழுக்க மிதித்திருக்கிறார் என்று பெட்டி நினைத்துவிட்டால், தாமதமாக மாற்றும், பலமாகவும் மாற்றும்.

எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு கியரும் இழுத்துப் பிடித்து, பிறகு ஓர் உதையோடு விழுந்தது. அலமாரியில் இருந்த பாத்திரம் எல்லாம் உருண்டது. ஆனால் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில், 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி முழு ஆக்சிலரேட்டரில் ஏறும்போது ஒரு குறையும் இல்லை. ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றார்கள், சில ஆயிரம் டாலர் ஆகும் என்றார்கள். கிளட்ச் தேய்ந்த பெட்டி ஏற்றத்தில் அல்லவா முதலில் வழுக்க வேண்டும்? முழுச் சுமையில் ஒழுங்காக வேலை செய்கிற பெட்டியைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஆயில். டிப்ஸ்டிக்கைச் சமதளத்தில், பெட்டி நன்றாகச் சூடான பிறகு, எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஆயிலில் நுரை கட்டும், அழுத்தம் நிலைக்காது. கருகிய வாடை இருந்தால் கவலைப்படலாம். எங்கள் ஆயில் சிவப்பாகச் சுத்தமாக இருந்தது. அடிச்சட்டியில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டுமே இருந்தது. அந்த வயதுப் பெட்டிக்கு அது இயல்பு. உலோகத் துணுக்கு இருந்திருந்தால் கதை வேறு.

அப்புறம் ஆள் அரவமற்ற நேரான சாலையில் ஒரு சோதனை. லேசாக மிதித்து ஒரு முறை, முழுக்க மிதித்து ஒரு முறை ஓட்டி, எந்த வேகத்தில் கியர் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிய வேண்டும். எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வேகம். கால் எவ்வளவு மிதிக்கிறது என்பது பெட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை.

கேபிளைத் தடவிக்கொண்டே போனால், எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் வெளி உறை உருகியிருந்தது. உள்கம்பி அங்கே சிக்கி, இழுத்த இடத்திலேயே நின்றது. புதுக் கேபிள் போட்டோம். கழற்றும்போது மாடுலேட்டருக்குப் பின்னால் இருக்கும் சிறு பின் நழுவி விழக்கூடும், கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள். ஒருவர் முழுக்க மிதிக்க, இன்னொருவர் பம்ப் பக்கம் நின்று, கேபிள் கடைசி வரை வருகிறதா, அதே நேரம் பம்ப் லீவர் முழுக்கத் திறப்பதைக் கேபிள் தடுக்கவில்லையா என்று பார்த்து அளவு வைக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. கேபிள் தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரமே மாறி, முழுச் சுமையில் கிளட்ச் வழுக்கும். உதையைவிட அது மோசம்.

அதன் பிறகு கியர் மாறுவதே தெரியவில்லை. மலையிலும் பாலைவனத்திலும் நிறைய ஓட்டிவிட்டோம், உதை திரும்பவில்லை.

எல்லா உதையும் கேபிளால் வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கியரில் மட்டும் உதைத்தால், அந்தக் கியரின் கிளட்ச் பட்டென்று இறுகாமல் பார்த்துக்கொள்ளும் டிரிம்மர் வால்வு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வால்வுகள் அடங்கிய வால்வு பாடியைத்தான் இறக்க வேண்டும், முழுப் பெட்டியை அல்ல. நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போடும்போது மட்டும் இடித்தால், முதலில் மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் ஐடில் வேகத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும் தறுவாயில் ‘டொக்’ என்று கேட்டால் யுனிவர்சல் ஜாயின்ட், கிரீஸ் காய்ந்த பிராப்பெல்லர் ஷாஃப்ட் (பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு), தளர்ந்த மவுண்ட் என்று தேடுங்கள். எங்கள் வண்டியில் அந்த ‘டொக்’ கிரீஸ் அடித்ததும் போனது.

புதுக் கேபிளை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, வெப்பத் தடுப்பு உறை சுற்றிக் கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் பம்ப் லீவரைக் கையால் இழுத்துவிட்டு, கேபிள் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கிறேன்.