இன்ஸ்டால் ஆகிறதா, தொங்கிவிட்டதா?

ஒருமுறை 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் பிப் என்ற இன்ஸ்டால் கருவி வழியாக ஒரு பைத்தான் லைப்ரரியை இன்ஸ்டால் செய்தேன். அந்த சிஸ்டத்துக்கு ஏற்ற வீல் கோப்பு, அதாவது முன்பே தயார் செய்துவைத்த பேக்கேஜ், இல்லாததால் சோர்ஸிலிருந்தே, அதாவது மூல நிரலிலிருந்தே, கம்பைல் ஆகத் தொடங்கியது. திரையில் சின்னதாக ஒரு கோடு சுழன்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஃபேன் இரைந்தது, மவுஸ் நகர மறுத்தது, கடைசியில் அந்தக் கோடும் நின்றது. உள்ளே வேலை நடக்கிறதா, உயிர் போய்விட்டதா என்று தெரியவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன்.

மெஷினுக்குப் பாரம் ஏறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதில் எந்த இன்ஸ்டால் கருவி தேவலை?

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ்களின் ஆப்ட் பாதி சொல்கிறது. எவ்வளவு டவுன்லோட், டிஸ்கில் எவ்வளவு கூடும் என்ற இரண்டு வரிகள் முதலிலேயே வந்துவிடும். நாம் கேட்காத பேக்கேஜ்களும் சேர்ந்து வந்தால் ‘தொடரலாமா’ என்றும் கேட்கும். சரி, சிபியு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சிஸ்டத்தின் மையமான கெர்னலை அப்டேட் செய்கையில், பூட் ஆகத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகும்போதும், டிகேஎம்எஸ் என்ற கருவி புதிய கெர்னலுக்காக டிரைவர்களைக் கம்பைல் செய்யும்போதும் அடியில் உள்ள பச்சைப் பட்டை அப்படியே நிற்கும். அந்தப் பட்டை எண்ணுவது முடிந்த படிகளை, நேரத்தை அல்ல.

என் ஓட்டு ஜென்டூ லினக்ஸின் இன்ஸ்டால் கருவியான போர்ட்டேஜுக்கு. எல்லாவற்றையும் கம்பைல் செய்யும் கூட்டம் என்பதால் பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். குரோமியம் பிரவுசர் மாதிரி பெரிய பேக்கேஜ் என்றால், இவ்வளவு ரேம், இவ்வளவு டிஸ்க் இடம் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இருந்தால் பக்கத்தில் ‘ஓகே’ போடும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். பட்டியலில் 50 பேக்கேஜ் இருந்தாலும் முதல் கம்பைலுக்கு முன்பே இந்தச் சோதனை முடிந்துவிடும். ‘பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவருக்கு அதைத் தாண்டிப் போகவும் வழி உண்டு. எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் அது சொல்லாது. ஜென்லாப் என்ற தனிக் கருவி பழைய இன்ஸ்டால்களின் பதிவை (லாக்) பார்த்து உத்தேசமாகச் சொல்லும்.

வேலை ஓடும்போது நடப்பதைக் காட்டுவதில், கேம்களை இன்ஸ்டால் செய்யும் ஸ்டீம் கெட்டி. நெட்வொர்க்கையும் டிஸ்கையும் தனித்தனியாக வரைந்து காட்டுகிறது. நெட்வொர்க் பூஜ்யத்துக்கு இறங்கி டிஸ்க் மட்டும் ஏறியிருந்தால், கோப்புகளைப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துவிடும். யாரும் கேன்சலைத் தட்டமாட்டார்கள்.

பிப்பை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அது கம்பைல் வேலையை வேறொரு கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்தக் கருவி நின்ஜா என்றால், சிபியுவில் 8 கோர் இருந்தால் 10 வேலைகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடும். ரேம் தாங்குமா என்று பார்ப்பதில்லை. ரேம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். நமக்கு மிஞ்சுவது ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்.

இப்போதெல்லாம் பக்கத்து டெர்மினலில், சிபியு, ரேம் பயன்பாட்டைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்துவைத்துவிட்டுத்தான் என்டர் தட்டுகிறேன்.