14,500 ரூபாய் கொடுத்து ஒரு மீட்டரின் முள்ளை வாங்கினேன்: பழைய கம்ப்ரஸர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 14,500 ரூபாய். குட்டி யானை வாடகை 900 தனி. சனிக்கிழமை கைவிட்டுப் போன பணம், இன்று புதன்கிழமை. இந்த நான்கு நாட்களில் கம்ப்ரஸரை விற்ற கடைக்காரரின் காலர் டியூன் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அப்பா ஓட்டிய பழைய ஸ்கூட்டர் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நிற்கிறது. அதற்கு நானே ஸ்பிரே பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதற்குக் காற்றை அழுத்தி டேங்க்கில் அடைக்கும் கம்ப்ரஸர் வேண்டும். புதுக் கம்ப்ரஸருக்குக் கொடுக்கக் கையில் அவ்வளவு பணம் இல்லை. பழைய பொருட்களை விளம்பரம் செய்யும் செயலி ஒன்றில் தேடினேன். 2 ஹெச்பி, பெல்ட் ஓட்டம், சிங்கிள் பேஸ், 150 லிட்டர் டேங்க், ‘நல்ல ஓடும் நிலை’ என்று போட்டிருந்தது. விற்பவர் தனி ஆளும் அல்ல, பழைய மெஷின்கள் வாங்கி விற்கும் கடை. கோவையில் குடியிருந்துகொண்டு கம்ப்ரஸரில் ஏமாந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்போன ஊர் இது. தெருவுக்கு ஒரு லேத் பட்டறை, கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

நான் போனபோதே கம்ப்ரஸர் வாசலில் தயாராக நின்றது. புதுப் பச்சை பெயிண்ட். டேங்க்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் முள் 8 கிலோவில் நின்றது. “வாருங்கள் அண்ணா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஏர் கன்னை எடுத்து, என் செருப்பில் படிந்திருந்த செம்மண்ணை ஊதிவிட்டார். கால்விரல் கூசியது. சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பின் விலைதான் 14,500.

பிறகு ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் சுற்றியது, பெல்ட் ஓடியது, பத்து எண்ணுவதற்குள் அவரே நிறுத்திவிட்டார். “ஏற்கெனவே ஃபுல்லாக இருக்கிறது அண்ணா, இதற்கு மேல் ஓட்டுவானேன்?” நியாயமாகப் பட்டது. ஓடிய நேரம் முழுவதும் முள் அசையவே இல்லை. அந்த அசையாமையைத்தான் நான் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளறையில் இன்னொரு கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டதும், அங்கிருந்து ஒரு ஹோஸ் வாசல் வரை நீண்டு கிடந்ததும் இப்போது ஞாபகத்துக்கு வருகின்றன. அப்போது அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

இதைவிட அழகு, வண்டியில் ஏற்றும்போது நடந்தது. “காற்றோடு ஏற்றக் கூடாது அண்ணா, ஆபத்து” என்று வால்வைத் திறந்து டேங்க்கைக் காலி செய்தார். சொன்னது உண்மைதான், ஏற்றும்போது காலி செய்யத்தான் வேண்டும். என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். அங்கே புஸ்ஸென்று போனது உள்ளறைக் கம்ப்ரஸரிலிருந்து ஏற்றிய காற்று, அவர் ஏமாற்றியதற்கு இருந்த ஒரே சாட்சி.

வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டி ஓட்டினேன். இந்த அளவு கம்ப்ரஸர் பத்து நிமிடத்துக்குள் 8 கிலோவைத் தொட்டிருக்க வேண்டும். முள் மெல்ல நகர்ந்து 3-க்கு வந்தது. அங்கேயே குந்திவிட்டது. 25 நிமிடம் ஓட்டியும் அதே 3. பிஸ்டனுக்கு மேலே மூடியிருக்கும் ஹெட் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாத சூடு.

போன் செய்தேன். “உங்கள் வீட்டில் வோல்டேஜ் குறைவு.” வோல்ட் மீட்டரில் பார்த்தேன், ஓடும்போதே 226 இருந்தது. மறுபடியும் போன். “கெப்பாசிட்டர் மாற்றிப் பாருங்கள்.” மாற்றினேன், அதற்கு ஒரு 250. அதே 3 கிலோ. “ஆயில் மாற்றினீர்களா?” மாற்றினேன். “திங்கட்கிழமை பையன் வருவான்.” அந்தப் பையனை இந்த உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். திங்கள் மாலை நேரில் போனதும் ‘அண்ணா’ போய் ‘சார்’ வந்துவிட்டது. “பழைய பொருள் என்றால் அப்படித்தான் சார். இங்கே ஓடியதைப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?” பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்று இங்குள்ள கணபதி பகுதியிலிருந்து வயதான கம்ப்ரஸர் மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஓடும் கம்ப்ரஸரின் காற்று இழுக்கும் வாயில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். கையை உள்ளே இழுக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு அடிக்கும் சுடுமூச்சு கையைத் திருப்பித் தள்ளியது. “உள்ளே வால்வு போய்விட்டது” என்றார். ஹெட்டைத் திறந்ததும் தெரிந்தது: காற்றை உள்ளே விட்டு மூடிக்கொள்ள வேண்டிய மெல்லிய எஃகுத் தகடு பாதியாக உடைந்திருந்தது. உடைந்த துண்டு பிஸ்டன் தலையில் குத்திக் குத்திப் பள்ளம் விழுந்திருந்தது. பிஸ்டன் அழுத்தும் காற்றில் முக்கால்வாசி வந்த வழியே திரும்பிப் போனால் முள் எப்படி ஏறும்?

வால்வு பிளேட் மாற்றிவிடலாம், அது பெரிய செலவில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் குனிந்து டேங்க்கின் அடியைச் சாவியால் சுரண்டினார். பச்சை பெயிண்ட் உரிந்தது. அதன் கீழே இரும்பு இல்லை, ஓட்டை அடைக்கும் எம்சீல் பசை. உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டிரெய்ன் வால்வைத் திறந்தால் வரக்காப்பி நிறத்தில் தண்ணீர், கூடவே துருச் செதில்.

காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்க்கின் அடியில்தான் தேங்கும். தினமும் திறந்து விடாவிட்டால் உள்ளிருந்தே அரித்துத் தகடு மெலிந்துவிடும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். டேங்க்கைச் சோதிப்பவர்கள் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். தண்ணீர் நிரப்பிய டேங்க் விரிசல் விட்டால் ஒழுகும், காற்று நிரப்பிய டேங்க் விரிசல் விட்டால் வெடிக்கும். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “3 கிலோவுக்கு மேல் ஏறாதது உங்கள் நல்ல நேரம் சார். ஹெட்டைச் சரிசெய்து 8 கிலோ ஏற்றியிருந்தால், நீங்கள் பக்கத்தில்தானே நின்றிருப்பீர்கள்?” ஆயிரம் ரூபாய் பொருள் உடைந்திருந்தால் அது வியாபாரம் என்று விட்டுவிடுவேன். டேங்க்கில் எம்சீல் அப்பி விற்பதற்கு என்ன பெயர்?

செயலிக்குப் புகார் எழுதினேன். தாங்கள் விளம்பரத் தளம் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை என்று ஒரு பதில் வந்தது, கடைசியில் சிரிக்கும் பொம்மையோடு. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். ரசீது கேட்டார்கள். என்னிடம் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, ‘கம்ப்ரஸர் 1, 14,500’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது மட்டும். அதையும் பணம் போன வங்கிப் பதிவையும் வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டேங்க்கை உங்கள் கண் முன்னால் காலி செய்யச் சொல்லி, பூஜ்யத்திலிருந்து நிரப்பச் சொல்லுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். இழுக்கும் வாயில் கை வையுங்கள். அடியில் சாவியால் சுரண்டுங்கள், கோபித்துக்கொண்டால் கிளம்பிவிடுங்கள். கடைப் பெயர் அச்சிட்ட பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

இதை எழுதும்போதே அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே வாசல், அதே சுவர், புதுப் பச்சை பெயிண்டில் வேறொரு கம்ப்ரஸர். விலை 16,000. படத்தைப் பெரிதாக்கினேன். முள் 8-இல் நிற்கிறது.