கிளாரட் பம்பிளும் அந்த ஜே இறகும்: பல சீசன் கட்டி வீசின அனுபவம்

அயர்லாந்து லிமெரிக்ல இருக்கற நண்பர் ஒருத்தர் நேத்து மெசேஜ் போட்டிருந்தார். ஜே பறவையோட ரெக்கை ஜோடி விலை நல்லா குறைஞ்சிருக்காம், கிளாரட் பம்பிள்ங்கற ஃப்ளை (டிரவுட் மீன் பிடிக்க தூண்டில் முள்ளுல இறகும் ரோமமும் கட்டி செய்யற போலிப் பூச்சி) கட்டறதுக்கு இப்பவே வாங்கி வச்சுக்கலாமா, இல்ல கட்டின ஃப்ளையாவே கடையில வாங்கிடலாமான்னு கேட்டார். ரெண்டு வரியில பதில் சொல்லலாம்னுதான் ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். வெட் ஃப்ளைன்னா தண்ணிக்குள்ள நனைஞ்சு வேலை செய்யற ஃப்ளை, ஹேக்கிள்னா முள்ளைச் சுத்தி சுத்தற இறகு, அதுக்கு மேல ஆரம்பத்துல இருந்து விளக்கல.

நான் மீன் பிடிக்கறது பெரும்பாலும் அயர்லாந்தோட மேற்குல இருக்கற லாக் காரிப் ஏரியில, ஊக்டரார்ட் ஊர் பக்கம். பிப்ரவரி 15-ல சீசன் திறந்தா செப்டம்பர் 30 வரைக்கும், படகும் காத்தும் அமையற நாள்லாம் ஏரியிலதான். அயர்லாந்து ஏரிகள்ல பழைய முறை எப்படின்னா, படகை காத்துக்குக் குறுக்கா விட்டு அது பாட்டுக்கு மிதக்க விடணும், காத்து போற திசையிலயே கம்மியா லைன் வீசணும், லீடர்ல (லைன் நுனியில கட்டற மெல்லிசான நரம்பு) மூணு ஃப்ளை. படகுக்குக் கிட்ட வர்ற மேல் ஃப்ளையை பாப் ஃப்ளைன்னு சொல்லுவாங்க. ராடை (தூண்டில் கம்பு) தூக்கத் தூக்க அது அலை மேல உரசிக்கிட்டு வரும், அப்படியே ஒரு நொடி நிறுத்தணும், நிறைய டிரவுட் அந்த நொடியிலதான் கடிக்கும். அந்த இடத்துல நான் வேற எதைப் போட்டாலும் கடைசியில கிளாரட் பம்பிளுக்கே திரும்பி வந்திருக்கேன். ஏப்ரல் மே மாசம் லேக் ஆலிவ் பூச்சி கிளம்பற நேரத்துல, வானம் மூட்டமா, அலை ஓரளவுக்கு உருண்டு வர்ற நாள்ல இதுக்கு ஈடா நான் எதையும் பார்க்கல.

இதை உருவாக்கினவர் கிங்ஸ்மில் மூர், அயர்லாந்து சுப்ரீம் கோர்ட்ல நீதிபதியா இருந்தவர். இங்கிலாந்து டெர்பிஷயர்ல இருந்த பழைய பம்பிள் ஃப்ளைகளை எடுத்து, மேற்கு அயர்லாந்துல கானமாரா பக்கத்து சீ டிரவுட்டுக்கும் (கடலுக்குப் போய் வர்ற டிரவுட்) ஏரி டிரவுட்டுக்கும் ஏத்த மாதிரி மாத்தினார், 1960-ல வந்த அவரோட புத்தகத்துல எல்லாத்தையும் எழுதியும் வச்சார். ஒரே ஹேக்கிளுக்குப் பதிலா ரெண்டு கலர் ஹேக்கிளை, கிளாரட்டையும் (கருஞ்சிவப்பு) கருப்பையும் ஒண்ணா சேர்த்து உடம்பு பூரா சுத்தறதுதான் விஷயமே. உள்ள கிளாரட் கலர் சீல் ஃபர் (கடல்நாய் ரோமம்), அதுக்கு மேல ரெண்டு கலர் கலந்த ஹேக்கிள், வெளிச்சம் உள்ள புகுந்து வெளிய வரும். வால்ல கோல்டன் ஃபெசன்ட் பறவையோட கழுத்து இறகு (டிப்பெட்), மேல ஓவல் தங்க டின்செல் (பளபளக்கற இழை), கழுத்துல ஜே பறவையோட நீலம். நிஜ சீல் ஃபர் ஐரோப்பிய யூனியன் 2009-ல கொண்டு வந்த தடைக்கு அப்புறம் சுலபமா கிடைக்கறதில்ல, இப்ப எல்லாரும் மாத்து நார்தான் போடறாங்க, அதுல எனக்குப் பெரிய குறை இல்ல, கட்டி முடிச்சு ஊசியால நல்லா கிளறி விட்டா போதும்.

குறை எல்லாம் அந்த ஜே மேலதான்.

இறகை முதல்ல கையில வாங்கிப் பாருங்க. நீலமும் கருப்புமா வரி வரியா இருக்கறது ஒரு பக்கம் மட்டும்தான், மறுபக்கம் மங்கின சாம்பல், அது ஃப்ளைக்கு உதவாது. நடுத்தண்டு தடியா, விறைப்பா இருக்கும், அப்படியே சுத்தினா முறுக்கிக்கிட்டு நார் எல்லாம் ஒரே பக்கம் படுத்துடும். அதனால வெந்நீர்ல ஊற வச்சு, நுனியில கீறி, நீலப் பக்கத்தை தண்டோட மெல்லிசான தோலோட சேர்த்து உரிச்சு எடுக்கணும். இதை பக்குவமா செஞ்சாலும், எத்தனை சீசன் கை பழகியிருந்தாலும், சுத்தும்போது பாதியில பட்டுனு அறுந்துபோற இறகு அறுந்துதான் போகும். எனக்குக் கோவம் வர்றது அது அறுந்துபோறதுக்காக இல்ல, அது எந்த நேரத்துல அறுந்துபோகுதுங்கறதுக்காக. வால் கட்டியாச்சு, ஃபர் உருட்டியாச்சு, ரெண்டு ஹேக்கிளையும் பிசகாம பின்னால வரைக்கும் சுத்தி டின்செல்லை எதிர்த்திசையில ஏத்திப் பூட்டியாச்சு, ஃப்ளை முடிஞ்ச மாதிரிதான், ஜே மட்டும்தான் பாக்கி, அப்பத்தான் அறுந்துபோகும். அறுந்த தண்டை அவிழ்க்கப் போனா முன்னால இருக்கற ஹேக்கிளும் கலைஞ்சு, தலை குண்டாகி, முள்ளோட கண்ணு அடைஞ்சுபோகும். பத்தாம் நம்பர் முள்ளுலயாவது சமாளிக்கலாம், அதைவிட சின்னதான பன்னெண்டாம் நம்பருக்கு ஒரு ரெக்கையில பாதி இறகோட நார் நீளமா இருக்கும், அது கழிஞ்சது போக தேறறது கொஞ்சம்தான். இதனாலதான் விலை குறைஞ்சிருக்குன்னு சொன்னா எனக்கு சந்தோஷம் வரல, ஒரு ஜோடி ரெக்கையில எத்தனை நல்ல ஃப்ளை தேறும்ங்கறதுதான் உண்மையான விலை.

சிலர் உரிக்கறதே இல்ல, ஒரு கொத்து நாரை கிள்ளி கழுத்துக்குக் கீழ தாடி மாதிரி கட்டிடுவாங்க. வேகமா முடியும், பலமாவும் இருக்கும். ஆனா பாப் ஃப்ளை அலையில உருண்டு புரண்டுதான் வரும், நீலம் சுத்தி வர இருந்தாதான் எப்படிப் புரண்டாலும் தெரியும்ங்கறது என் எண்ணம். கடையில வர்றதுல பாதிக்கு மேல நீலச் சாயம் போட்ட கினிக்கோழி இறகு. அது சுத்த சுகமா இருக்கு, அதை மறுக்கல. ஆனா நனைஞ்சதும் ஒரு இருட்டு நீலமா அடங்கிடுது. ஜேவோட நீலத்துல சாயமே கிடையாது, நாருக்குள்ள இருக்கற நுண்ணிய அமைப்புல வெளிச்சம் சிதறி வர்ற நீலம் அது, அதனால கருப்பு வானத்துக்குக் கீழயும் அணையாம நிக்கும். ஈரமான பம்பிளை படகு விளிம்புல பிடிச்சு, காத்துல அந்த நீல நார் அசையறதைப் பார்க்கற சுகம் எனக்கு இன்னும் குறையல, இத்தனை சீசன்ல ஒரு நாள் கூட குறையல.

நியாயமா பேசணும்னா இதையும் சொல்லணும். அதே ஏரியில, அதே நாள்ல, நடு ஃப்ளையா போட்ட பிபியோங்கற ஃப்ளையையும் டிரவுட் கடிக்குது. பிபியோல ஜே கிடையாது, கருப்பு உடம்பு, நடுவுல கொஞ்சம் சிவப்பு, கருப்பு ஹேக்கிள், வெள்ளி டின்செல், அவ்வளவுதான். அயர்லாந்து மேயோ மாவட்டத்துல பரிஷூல் ஏரிகளுக்காக மேஜர் ராபர்ட்ஸ் உருவாக்கினது, அங்க இருந்து தீவு முழுக்கப் பரவிடுச்சு. நான் கட்டின பிபியோ டிரவுட்டோட பல்லுல பட்டு நார் பாதி போன பிறகும் மீன் எடுத்திருக்கு. கட்டவும் பம்பிளுக்கு ஆகற நேரத்துல பாதிகூட ஆகாது.

அதனால நண்பருக்கு என் பதில்: ரெக்கை வாங்காதீங்க. பம்பிளைவிட அழகான பாப் ஃப்ளை எனக்குத் தெரியாது, இருந்தாலும் வாங்காதீங்க. நேத்து ராத்திரி வைஸ்ல (முள்ளைக் கவ்விப் பிடிக்கற கருவி) இருந்த பம்பிள் இப்பவும் தலை அவிழ்ந்து அப்படியேதான் கிடக்கு, அந்தக் கடுப்புலதான் சொல்றேன்னு வச்சுக்கிட்டாலும் சரி. இந்த சீசனுக்கு பிபியோவும் சூட்டி ஆலிவ்ங்கற ஃப்ளையும் நீங்களே கட்டுங்க, ஆகஸ்ட் சாயங்காலத்துக்கு கிரீன் பீட்டர்ங்கற ஃப்ளை ரெண்டு மூணு சேர்த்துக்கங்க. பம்பிள் மட்டும் ஏரிக்கரை கடையில வாங்குங்க. வாங்கும்போது நகத்தால ஹேக்கிளை லேசா பின்னுக்குத் தள்ளிப் பாருங்க, டின்செல் எதிர்த்திசையில போய் தண்டைப் பூட்டியிருந்தா எடுங்க, நகர்ந்துச்சுன்னா ரெண்டாவது மீனுக்கே அவிழ்ந்துடும், வச்சுட்டு வந்துடுங்க.