தோலா, ரத்தமா, பிணவறையா? அமெரிக்காவில் பேத்தாலஜி ஃபெலோஷிப்

அமெரிக்காவில் பேத்தாலஜி (திசு, ரத்தம், உடல் ஆகியவற்றைச் சோதித்து நோயைக் கண்டறியும் துறை) எடுக்க நினைக்கும் மருத்துவ மாணவர்கள், ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சிக்கான இடம் கைக்கு வருவதற்கு முன்பே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்: அதற்கும் மேலே எந்த உட்பிரிவில் ஃபெலோஷிப்? கேட்பதில் தப்பில்லை. உடற்கூறு பேத்தாலஜி, ஆய்வகப் பேத்தாலஜி இரண்டும் சேர்ந்த ரெசிடென்சி நான்கு ஆண்டு. அதோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் குறைவு. பெரும்பாலானோர் மேலே ஓராண்டாவது படிக்கிறார்கள். அந்த விண்ணப்பமும் ரெசிடென்சியின் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடும். ஆனாலும் எல்லாப் பிரிவையும் மாணவப் பருவத்திலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை.

முதலில் தோல், அதாவது டெர்மட்டோபேத்தாலஜி. இடங்கள் கொஞ்சம், போட்டி கடுமை. பேத்தாலஜி முடித்தவர்களோடு தோல் மருத்துவம் முடித்தவர்களும் அதே இடத்துக்கு வருவார்கள். சில இடங்கள் உள்ளேயே படித்த ரெசிடெண்ட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. ஆகவே தோல்தான் வேண்டும் என்றால், ரெசிடென்சிக்கான விருப்பப் பட்டியல் போடும்போதே அந்த ஃபெலோஷிப் உள்ள துறைகளை மேலே வையுங்கள். வேலை, சின்னச் சின்ன பயாப்ஸிகள் (சோதனைக்கு வெட்டி எடுத்த திசுத் துண்டுகள்), நாள் முழுக்க. அவற்றில் நிறைய சாதாரண மச்சமும், அதிகம் பரவாத பேசல் செல் புற்றுநோயும்தான். நடுவே மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் ஒன்றைத் தவறவிட்டால் வழக்கு. இரவில் யாரும் எழுப்ப மாட்டார்கள். காசு கொட்டும் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்: பயாப்ஸிகளுக்குரிய 88305 என்ற கட்டணக் குறியீட்டின் ஆய்வகப் பங்கை 2013-ல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒரே வெட்டில் பாதிக்கும் கீழே இறக்கியது. தோல் ஸ்லைடுகளை (நுண்ணோக்கியில் பார்க்கும் திசுச் சீவல்களை) நம்பியிருந்த ஆய்வகங்களுக்கு அது நல்ல அடி.

ரத்தம், அதாவது ஹெமட்டோபேத்தாலஜி, நேர் எதிர். தோலில் பெரும்பாலும் ஸ்லைடே பதில் சொல்லிவிடும். இங்கே எலும்பு மஜ்ஜை ஸ்லைடு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசரால் வகை பிரிக்கும் சோதனை), குரோமோசோம், மரபணு அறிக்கை நான்கையும் கோத்தால்தான் நோய்க்குப் பெயர் வைக்க முடியும். போதாக்குறைக்கு 2022-ல் ரத்தப் புற்றுநோய்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஒன்றும், அதற்குப் போட்டியாக ஐ.சி.சி. (சர்வதேச ஒருமித்த வகைப்பாடு) இன்னொன்றும் வந்தன. பல அறிக்கைகளில் இப்போது இரண்டு பெயரும் எழுத வேண்டியிருக்கிறது. இரவு அழைப்பும் உண்டு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் மரபணு முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்க வேண்டும்; ரத்தக்கசிவில் நோயாளி போய்விடக்கூடும். என்னைக் கேட்டால், சிந்திக்கப் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல பிரிவு இல்லை. பெரிய துறைகள் பலவற்றில் இந்த ஃபெலோஷிப் இருப்பதால் முடிவை ரெசிடென்சியின் முதல் ஆண்டு வரை ஆறப்போடலாம்.

அறுவையில் எடுத்த திசுக்களைப் பார்க்கும் சர்ஜிக்கல் பேத்தாலஜியைப் பற்றி மாணவர் கவலைப்படவே வேண்டாம். அதற்குத் தனி போர்டு சான்றிதழ் (தேர்வு எழுதிப் பெறும் நிபுணர் சான்று) கிடையாது. ரெசிடென்சியில் எப்படியும் ஸ்லைடுகளிலேயே வாழப்போகிறீர்கள். அறுவை நடக்கும்போதே அரங்கிலிருந்து வரும், உறையவைத்துப் பார்க்கும் திசுவுக்கு இருபது நிமிடத்தில் பதில் சொல்லும் படபடப்பு ஒத்துவருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூளை, நரம்புக்கான நியூரோபேத்தாலஜி இரண்டு ஆண்டு, வேலையும் பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில்தான்.

மாணவராக இருக்கும்போதே தொட்டுப் பார்க்க வேண்டியது பிணவறை, அதாவது மரணத்தின் காரணம் தேடும் தடயவியல் பேத்தாலஜி. ரெசிடென்சியில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சில வாரங்கள்தான். அழுகிய உடலின் வாடையும், குழந்தையின் மரணமும், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையும் தாங்குமா என்று அதற்குள் தெரியாது. சிலருக்கு முதல் நாளே முடியாது என்றாகிவிடும், சிலருக்கு வேறெதுவும் பிடிக்காமல் போய்விடும். போட்டி என்று பெரிதாக எதுவும் இல்லை, இடங்கள் காலியாகவே கிடப்பதும் உண்டு. காரணம் சம்பளம்: மாவட்ட, மாநில அரசு வேலை என்பதால் மருத்துவமனைப் பேத்தாலஜிஸ்ட்டைவிடக் குறைவு. ஆனால் படிப்புக் கடன் தலைக்கு மேல் இருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அரசு வேலையில் இருந்தபடி 120 தவணை கட்டினால் மீதிக் கூட்டாட்சிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. வட்டியோடு கூட்டிப் பார்த்தால் சம்பள இடைவெளி அவ்வளவு பயமுறுத்தாது.

ஆள் பற்றாக்குறையின் விலையும் உண்டு. ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 250 பிரேதப் பரிசோதனைக்கு மேல் செய்யக்கூடாது என்பது தேசிய மருத்துவப் பரிசோதகர்கள் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அரசு மருத்துவர்கள்) சங்கத்தின் பரிந்துரை. 325-ஐத் தாண்டினால் அவர் வேலை செய்யும் அலுவலகத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. நேர்காணலுக்குப் போனால் தயங்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள்.

மருத்துவக் கல்லூரியின் நான்காம் ஆண்டில் விருப்பப்பட்ட துறையில் பயிற்சி பெற ஒரே ஒரு மாதம்தான் ஒதுக்க முடியும் என்றால் அதை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் கழியுங்கள். நியூயார்க் நகர அலுவலகம் போன்றவை மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டாவது மாதம் கிடைத்தால் ஹெமட்டோபேத்தாலஜி. தோலில் உறுதியாக இருப்பவர்கள் மட்டும் அந்த மாதத்தைத் தாங்கள் சேர விரும்பும் துறையின் தோல் பிரிவிலேயே செலவிடலாம். அங்கே முகம் தெரிந்திருப்பது பின்னால் உதவும்.