லூகர் பி08: சுடுவதா, சுடாமல் வைப்பதா?

பாகங்களில் அடித்திருக்கும் வரிசை எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் ஒரு லூகர் பி08, அதாவது பழைய ஜெர்மன் பிஸ்டல், கைக்கு வந்ததும் ஒரு மேகசினாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் கை துறுதுறுத்தது. பல வாரம் யோசித்து, கடைசியில் அதைச் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சுடலாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1908-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் இது. ஒவ்வொரு சூட்டுக்கும் பின்பக்க டாகிள் என்ற மூட்டு முழங்கால் மடங்குவது போல மேலெழுந்து மடங்கும். அதைக் கையில் உணர்வது தனி அனுபவம்தான். 9 மி.மீ. தோட்டா இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கியில் மிதமான தோட்டா போட்டுச் சுட்டால் குழல் தேய்ந்துவிடும் என்ற பயமும் பெரிதாக வேண்டாம்.

எனக்குப் பயம் தேய்மானத்தில் இல்லை, உடைவதில். லூகரின் சட்டகத்தில் வரிசை எண் முழுதாக இருக்கும்; சின்னப் பாகங்களில் அதன் கடைசி 2 இலக்கங்கள். எக்ஸ்ட்ராக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் சின்னத் துண்டு அது; தோட்டா உள்ளே இருந்தால் மேலெழும்பி ‘கெலாடன்’ (தோட்டா ஏற்றப்பட்டுள்ளது) என்ற எழுத்தையும் காட்டும். என்னுடையதில் 47 என்று இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 7 கொஞ்சம் சாய்ந்திருப்பது தெரியும். அன்று அச்சை வைத்துத் தட்டியவரின் கை அப்படி. பழைய இரும்பு, ஒவ்வொரு சூட்டிலும் இழுபடுகிறது. ஒருநாள் உடைந்தால் மாற்றுப் பாகம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த 47 போனது போனதுதான். ஒரே ஒரு எண் மாறினாலும் சேகரிப்பாளர்கள் விலையைக் கணிசமாகக் குறைத்துவிடுவார்கள். புதுப் பாகத்தில் 47 என்று அடித்து விற்பது மோசடி.

மூலப் பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு மாற்றுப் பாகங்களோடு சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கழற்றி மாட்டும்போது இடதுபக்க மரப்பிடி சேஃப்டி நெம்புகோலுக்குப் பக்கத்தில் சில்லு பெயர்வது லூகரில் சகஜம். அப்புறம், சட்டகத்தில் விரிசல் விட்டால் என்ன செய்வது?

சுடாமல் வைப்பதிலும் கொஞ்சம் வேலை உண்டு. தோல் உறையிலேயே விடக்கூடாது. தோல் ஈரம் பிடிக்கும், துரு ஏறும். வெறும் கையால் தொட்டால் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எண்கள் ஏற்கெனவே கலந்துபோன, மேற்பூச்சு புதுப்பிக்கப்பட்ட லூகர் என்றால் தயங்காமல் சுடுங்கள். அப்படி ஒன்றைச் சுடுவதற்கென்றே தனியாக வாங்கினேன். இதுவரை சில நூறு தோட்டாக்கள்தான் சுட்டிருக்கிறேன், ஆயிரக்கணக்கில் சுட்டவர்கள் அளவுக்கு என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போன வருடம் அதன் எக்ஸ்ட்ராக்டர் உடைந்தது. மாற்றுப் பாகம் வந்ததும் போட்டுக்கொண்டு, அன்று மாலையே மறுபடி சுடப் போய்விட்டேன்.